கோர்ட் படி ஏறுவதற்கு முன்: முதல்முறை போகிறவர்களுக்குச் சொதப்பியவர்கள் விட்டுச்சென்ற பாடங்கள்

"போலீஸ் ஸ்டேஷன் வாசலும் கோர்ட் வாசலும் மிதிக்காமலே காலத்தை ஓட்டிட்டேன்" என்று பெருமையாகச் சொல்லும் தாத்தாக்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களுடைய பேரன் பேத்திகளுக்கு அந்தப் பெருமை கிடைப்பது கஷ்டம். செக் பவுன்ஸ், பாகப்பிரிவினை, விபத்து நஷ்ட ஈடு, விவாகரத்து, பக்கத்து வீட்டுக்காரர் எழுப்பிய காம்பவுண்டு சுவர், எங்கோ நின்று வேடிக்கை பார்த்த பாவத்துக்கு வந்த சாட்சி சம்மன் என்று ஏதாவது ஒன்று கூப்பிட்டுவிடும்.

வழக்கை வக்கீல் பார்த்துக்கொள்வார். ஹாலுக்குள் நீங்கள் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதை மட்டும் யாரும் சொல்லித் தருவதில்லை. தப்பாக நடந்துகொண்டவர்களின் கதைகளிலிருந்து நாமே கற்றுக்கொள்ள வேண்டியதுதான். அந்தக் கதைகளைத் தேடிப் போனால் ஒரு வேடிக்கை புரியும். பெரிய சொதப்பல்கள் பாமர ஜனங்கள் செய்தவை இல்லை. சட்டம் படித்த வக்கீல்களும் மேடையில் உட்கார்ந்திருக்கும் நீதிபதிகளும் செய்தவை. முதல்முறை போகிறவர் பயந்துகொண்டே போவதால் தப்பித்துவிடுகிறார். பழகியவருக்குத்தான் நாளடைவில் கோர்ட் ஹால் சொந்த வீட்டுத் திண்ணை மாதிரி ஆகிவிடுகிறது. அதனால் உங்களிடம் கொஞ்சம் பயம் இருந்தால் அதை விட்டுவிடாதீர்கள், உதவும்.

கீழே சொல்லும் நடைமுறை தமிழ்நாட்டின் கீழமை நீதிமன்றங்களுக்கானது. கதைகள் மட்டும் ஊர் ஊராகச் சுற்றி வரும்.

முந்தின நாள் இரவே செய்ய வேண்டியது

வழக்கு எண், எந்தக் கோர்ட், எந்த மாடி, எந்த ஹால். இந்த நான்கையும் வக்கீலிடமோ அவருடைய குமாஸ்தாவிடமோ கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மாவட்டத் தலைநகர்களில் ஒரே வளாகத்தில் முன்சீப் கோர்ட், சப் கோர்ட், மாஜிஸ்திரேட் கோர்ட் ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசையாக இருக்கும். தப்பான ஹாலில் பாதி நாள் பயபக்தியோடு உட்கார்ந்துவிட்டு வருகிறவர்கள் உண்டு. ஒவ்வொரு வழக்குக்கும் சி.என்.ஆர். என்று 16 இலக்க எண் ஒன்று இருக்கிறது. அதை இ-கோர்ட்ஸ் செயலியில் போட்டால் அடுத்த வாய்தா என்றைக்கு, எதற்காக என்று வந்துவிடும். "வக்கீல் எதுவுமே சொல்லமாட்டேங்கறார்" என்ற புலம்பலில் பாதி இதிலேயே தீரும்.

ஆவணங்களின் அசலை ஒரு ஃபைலில் வையுங்கள், கூடவே இரண்டு செட் ஜெராக்ஸ். அசலை யாரிடம் கொடுத்தாலும் எழுதி வாங்கிக்கொண்டு கொடுங்கள். உத்தரப்பிரதேசத்தின் மதுராவில் 2022-ல், பறிமுதல் செய்த 581 கிலோ கஞ்சாவை எலி தின்றுவிட்டது என்று போலீஸ் நீதிமன்றத்தில் சொன்னது. நம் ஊரும் சளைத்ததில்லை. சென்னை மெரினாவில் 2020-ல் 22 கிலோ கஞ்சாவோடு பிடிபட்டதாகச் சொல்லப்பட்ட இருவர் 2023-ல் விடுதலையானார்கள். சரக்கை எலி தின்றுவிட்டதாம். போலீஸ் ஆதாரத்தை எலி தின்றால் குற்றம் சாட்டப்பட்டவருக்கு விடுதலை. உங்கள் பத்திரத்தை எலி தின்றால் உங்கள் கேஸ்தான் போகும்.

போகாமல் மட்டும் இருந்துவிடாதீர்கள். சிவில் வழக்கில் பிரதிவாதி வராவிட்டால் எக்ஸ்பார்ட்டி, அதாவது ஒருதலைப்பட்சத் தீர்ப்பு ஆகிவிடும். அதை ரத்து செய்யச் சொல்லி மனு போட 30 நாள்தான் அவகாசம். கிரிமினல் வழக்கில் பிடிவாரன்ட். காய்ச்சலோ, துக்கமோ, காலையிலேயே வக்கீலுக்குச் சொன்னால் அன்றைக்கு மட்டும் ஆஜராக முடியாததற்கு ஒரு மனு போட்டுச் சமாளித்துவிடுவார். சாயங்காலம் சொன்னால் அவரால் ஒன்றும் செய்ய முடியாது.

உடை

சுத்தமான, சாதாரண உடை போதும். வேட்டி சட்டை தாராளமாகப் போடலாம். லுங்கி, அரை டிராயர், கட்சிக் கரை போட்ட துண்டு, வாசகம் எழுதிய பனியன் வேண்டாம். தொப்பியும் கூலிங் கிளாஸும் வாசலோடு. ஆண்களுக்கு இன்னொரு சின்ன ஆலோசனை: வெள்ளைச் சட்டையும் கறுப்பு பேண்டும் சேர்த்துப் போடாதீர்கள். உங்களை வக்கீல் என்று நினைத்து நாலு பேர் வந்து நோட்டரி எங்கே என்று கேட்பார்கள்.

2022-ல் பாட்னா உயர்நீதிமன்றத்தில் ஒரு ஐ.ஏ.எஸ். அதிகாரி கோட் போடாமல், சட்டைக் காலர் திறந்தபடி வந்து நின்றார். நீதிபதி பிடித்துக்கொண்டார். சினிமா தியேட்டருக்கு வந்திருப்பதாக நினைப்பா என்று ஆரம்பித்து, ஐ.ஏ.எஸ். பயிற்சி மையம் இருக்கும் முசூரியில் பயிற்சி கொடுத்தார்களா இல்லையா என்றெல்லாம் கேட்டார். அந்த அதிகாரி கை கட்டி நின்ற வீடியோ நாடு முழுக்க ஓடியது. இதில் யார் நடந்துகொண்டது தவறு என்று என்னைக் கேட்டால் கொஞ்சம் யோசிப்பேன். உச்ச நீதிமன்றம் 2024 ஜனவரியில் இந்த மாதிரி விஷயங்களுக்கு நெறிமுறை வகுத்தபோது, அரசு அதிகாரிகளின் உடையைப் பற்றிக் காரணமில்லாமல் கருத்துச் சொல்வதை நீதிமன்றங்கள் தவிர்க்க வேண்டும் என்று எழுதியது. இருந்தாலும் உங்களுக்காக உச்ச நீதிமன்றம் வந்து வாதாடாது, சட்டைப் பட்டனைப் போட்டுக்கொண்டே போங்கள்.

போன்

அணைத்துவிடுங்கள். வைப்ரேஷனில் போட்டால் போதும் என்று நினைப்பீர்கள். மர பெஞ்சில் அது டிரில்லிங் மெஷின் சத்தம் போடும். ஹாலுக்குள் படம் எடுப்பது, குரல் பதிவு செய்வது இரண்டும் கூடவே கூடாது. செல்ஃபியும் அதில் சேர்த்திதான்.

போன் விஷயத்தில் இரண்டு அமெரிக்க நீதிபதிகளின் கதையைச் சேர்த்துச் சொன்னால்தான் சுவை. 2005 மார்ச்சில், நியூயார்க் மாநிலம் நயாகரா ஃபால்ஸ் ஊரில் ராபர்ட் ரெஸ்டெய்னோ என்ற நீதிபதியின் ஹாலில் பின்பக்கமிருந்து ஒரு போன் அடித்தது. யாருடையது என்றார். பதில் இல்லை. போன் கைக்கு வராவிட்டால் எல்லோருக்கும் ஜெயில் என்றார். அப்போதும் யாரும் வாய் திறக்கவில்லை. சொன்னபடியே, அன்று ஆஜராக வந்திருந்த 46 பேரையும் ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் காவலுக்கு அனுப்பிவிட்டார். ஜாமீன் தொகை கட்ட முடியாத 14 பேர் விலங்கு மாட்டப்பட்டு மாவட்டச் சிறை வரை போனார்கள். பத்திரிகைக்காரர்கள் விசாரிக்க ஆரம்பித்த பிறகு சாயங்காலம் விடுவித்தார். 2007-ல் இதற்காகவே பதவி போயிற்று. பிற்பாடு அதே ஊர் அவரை மேயராகத் தேர்ந்தெடுத்தது தனிக் கதை.

இன்னொருவர் மிச்சிகன் மாநிலத்தின் ரேமண்ட் வோட். போன் அடித்தால் அபராதம் என்பது அவருடைய ஹாலில் சட்டம். 2013-ல் அரசுத் தரப்பு வக்கீல் நிறைவுரை ஆற்றிக்கொண்டிருந்தபோது, நீதிபதியின் சட்டைப் பையில் இருந்த புது போனே சத்தமாகப் பேசத் தொடங்கிவிட்டது. முகம் சிவந்துபோன மனிதர், இடைவேளையில் தன்னைத் தானே குற்றவாளியாக்கி 25 டாலர் அபராதம் கட்டினார். உங்கள் ஹாலில் இருக்கும் நீதிபதி எந்த வகை என்பது தெரியாதல்லவா? போனை அணையுங்கள்.

ஹாலுக்குள்

பத்தரைக்கு நீதிபதி வருவார். எல்லோரும் எழுந்து நிற்க வேண்டும். அவர் உட்கார்ந்த பிறகு உட்காரலாம். முன்வரிசை நாற்காலிகள் வக்கீல்களுக்கானவை. காலியாக இருக்கிறதே என்று போய் உட்காராதீர்கள். பின்னால் பெஞ்ச் இருந்தால் பெஞ்ச், இல்லாவிட்டால் வாசலுக்குப் பக்கத்துச் சுவர். கால் மேல் கால், பேப்பர் படிப்பது, வாயில் பாக்கு எதுவும் வேண்டாம்.

டவாலி, அதாவது கோர்ட் சேவகர், உங்கள் பெயரை மூன்று முறை கூப்பிடுவார். மூன்றும் ஒரே மூச்சில், அதுவும் உங்கள் அப்பா பெயரோடு சேர்ந்து வருவதால் புதியவர்களுக்குத் தன் பெயரே அடையாளம் தெரியாமல் போவது சகஜம். அதனால் பத்தே முக்காலுக்கு டீக்கடைக்குப் போகாதீர்கள். கூப்பிட்டதும் "இருக்கேங்க" என்று குரல் கொடுத்துவிட்டு நேராக முன்னால் போய், கையைத் தொங்கவிட்டு நில்லுங்கள். உங்கள் வக்கீல் வேறு ஹாலில் இருந்தால் "வக்கீல் வந்துகொண்டிருக்கிறார் ஐயா" என்று சொன்னால் போதும், வழக்கைத் தள்ளிவைத்துப் பிறகு கூப்பிடுவார்கள். இதற்குப் பெயர் பாஸ் ஓவர். ஆவணத்தைத் தர வேண்டியிருந்தால் பெஞ்ச் கிளார்க்கிடம் தர வேண்டும். மேடைக்கு எட்டி நீதிபதி கையில் கொடுக்கப் போனால் டவாலி பதறிவிடுவார். யாராவது டீச்செலவுக்குக் கேட்டால் கொடுக்க வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. வாசலிலேயே மடக்கி "நல்ல வக்கீலா பிடிச்சுத் தரேன்" என்கிற புரோக்கரிடம் பேச்சே வேண்டாம்.

அழைக்கும் முறை: "ஐயா", பெண் நீதிபதியானால் "அம்மா". இது போதும், யாரும் குறை சொல்லமாட்டார்கள். 'மை லார்ட்' விவகாரத்தை வக்கீல்களுக்கு விட்டுவிடுங்கள். அவர்களே அதில் இன்னும் தெளிவாகவில்லை. 2006-லேயே அகில இந்திய பார் கவுன்சில் அந்தப் பழக்கத்தை விடச் சொல்லிவிட்டது. சென்னை உயர்நீதிமன்றத்தில் நீதிபதி கே. சந்துரு தன்னை அப்படிக் கூப்பிட வேண்டாம் என்றார். முன்னால் செங்கோல் பிடித்து நடக்கும் டவாலியையும் வேண்டாம் என்றார். ஆனால் 2021-ல் ஒரு சட்ட மாணவர் உச்ச நீதிமன்றத்தில் 'யுவர் ஆனர்' என்று சொன்னதும், அமெரிக்க உச்ச நீதிமன்றத்தையா, மாஜிஸ்திரேட் கோர்ட்டையா, எதை மனதில் வைத்துச் சொல்கிறீர்கள் என்று கேட்டார் தலைமை நீதிபதி.

நாள் முழுக்கக் காத்திருந்து கடைசியில் வாய்தா என்றால் கோபம் வரும்தான். சிவில் நடைமுறைச் சட்டப் புத்தகத்தில் ஒரு தரப்புக்கு மூன்று வாய்தாவுக்கு மேல் தரக்கூடாது என்று இருக்கிறது. புத்தகத்தில் இருக்கிறது. டெல்லி கர்கர்டூமா கோர்ட்டில் 2021-ல், 2016 முதல் வழக்குக்காக நடையாய் நடந்த ஒருவர், வாய்தாவைப் பற்றிய பிரபலமான இந்திப் பட வசனத்தைக் கத்திக்கொண்டே கம்ப்யூட்டரையும் நாற்காலிகளையும் உடைத்துத் தள்ளினார். அவருடைய பழைய வழக்கு அப்படியே இருக்க, புது வழக்கு ஒன்று சேர்ந்து ஜெயிலுக்குப் போனார். கோபம் வந்தால் வெளியே வந்து ஒரு டீ குடியுங்கள்.

கோர்ட் உத்தரவை மீறினால் என்ன ஆகும் என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லும் கதை சி.பி.ஐ. உயரதிகாரி எம். நாகேஸ்வர ராவுடையது. பீகார் காப்பகச் சிறுமிகள் பாலியல் கொடுமை வழக்கை விசாரித்த அதிகாரியை மாற்றக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருந்தும், இவர் இடைக்கால இயக்குநராக இருந்தபோது மாற்றிவிட்டார். 2019 பிப்ரவரி 12 அன்று, ஒரு லட்சம் ரூபாய் அபராதம். கூடவே கோர்ட் கலையும் வரை மூலையில் போய் உட்கார வேண்டும் என்று தீர்ப்பு. நாட்டையே விசாரிக்கும் அமைப்பின் அதிகாரி, வகுப்பில் தண்டனை வாங்கிய பையனைப் போல் பின்னால் போய் உட்கார்ந்தார். மாலை கிட்டத்தட்ட மூன்றே முக்காலுக்கு, போகலாமா என்று அவர் சார்பில் கேட்டபோது, நாளைக்கும் உட்கார வேண்டுமா என்று கேட்டுத் திருப்பி உட்கார வைத்தார்கள்.

கூண்டில்

முதல்முறை போகிறவர்களுக்கு உண்மையான சோதனை இங்கேதான். இதற்கு முன் சொன்னதில் கொஞ்சம் தப்பினாலும் பரவாயில்லை, இதில் தப்பினால் வழக்கே சாயும்.

முதலில் சத்தியப் பிரமாணம். சாமி பெயரால் எடுக்கலாம். நம்பிக்கை இல்லாதவர்கள் உளமார உறுதி கூறலாம், சட்டம் இரண்டையும் ஒன்றாகத்தான் பார்க்கிறது. அப்புறம் உங்கள் தரப்பு வக்கீல் கேட்பார்; சிவில் வழக்கானால் முதல் விசாரணை பெரும்பாலும் எழுத்தில், பிரமாணப் பத்திரமாக முடிந்திருக்கும். அந்தப் பத்திரத்தைப் படிக்காமல் கையெழுத்துப் போட்டவர்கள் குறுக்கு விசாரணையில் மாட்டுவதைப் பார்க்கப் பாவமாக இருக்கும். "பாரா நாலில் என்ன சொல்லியிருக்கிறீர்கள்?" என்று கேட்டதும் முழிப்பார்கள். "வக்கீல் எழுதினார், நான் கையெழுத்துப் போட்டேன்" என்பார்கள். அந்த வாக்கியம் அப்படியே பதிவாகும். எதிர்த்தரப்பு வக்கீலுக்கு அன்றைக்கு அதற்கு மேல் எதுவும் தேவையில்லை.

கேட்டதற்கு மட்டும் பதில். "சம்பவத்தன்று அங்கே இருந்தீர்களா?" என்றால் "இருந்தேன்." அவ்வளவுதான். ஆனால் நம் ஆட்கள் என்ன செய்வார்கள்? "ஐயா, அன்னைக்கு எங்க மச்சினி வளைகாப்பு, மண்டபத்துல கரண்ட் இல்ல, அதனால நான் ஜெனரேட்டர் எடுக்கப் போனேன், வர்ற வழியில..." இந்த ஒரு பதிலில் எதிர்த்தரப்புக்கு ஐந்து புதுக் கேள்வி கிடைத்துவிட்டது. மண்டபம் எந்த ஊர்? ஜெனரேட்டர் எந்தக் கடை? ரசீது உண்டா? அப்படியானால் சம்பவ நேரத்தில் நீங்கள் அங்கே இல்லை, சரிதானே?

தலையை ஆட்டாதீர்கள். தட்டச்சு செய்பவருக்குத் தலையாட்டலைப் பதிவு செய்ய வழியில்லை. வாயைத் திறந்து "ஆமாம்", "இல்லை" சொல்லுங்கள். 'தெரியாது' வேறு, 'ஞாபகம் இல்லை' வேறு. எது உண்மையோ அதைச் சொல்லுங்கள். பதில் சொல்லும் முன் உங்கள் வக்கீல் முகத்தைப் பார்க்காதீர்கள், நீதிபதி அதைக் கவனித்துக்கொண்டே இருப்பார்.

குறுக்கு விசாரணையின் கடைசியில் ஒன்று வரும். அதற்குத் தயாராகப் போங்கள். எதிர்த்தரப்பு வக்கீல் குரலை உயர்த்தி, "நீங்கள் வாதியோடு சேர்ந்துகொண்டு இங்கே பொய் சாட்சி சொல்கிறீர்கள் என்கிறேன்" என்பார். புதியவருக்கு ரத்தம் கொதிக்கும். "யாரைப் பாத்துய்யா பொய்யின்னு சொல்ற? எங்க பரம்பரையில..." என்று கூண்டிலிருந்து இறங்கப் பார்ப்பார். இறங்காதீர்கள். அது சடங்கு. தன் கட்சிக்காரரின் வாதத்தை உங்களிடம் நேராகக் கேட்டுவிட்டதாகப் பதிவாக வேண்டும் என்பதற்காக எல்லா வக்கீலும் எல்லா சாட்சியிடமும் கேட்கும் கேள்வி. நீங்கள் "சரியல்ல" என்றால் போதும். சாட்சியத்தில் "நான் வாதிக்குச் சாதகமாகப் பொய் சாட்சியம் அளிக்கிறேன் என்றால் சரியல்ல" என்று உங்கள் வாய்மொழியாகவே தட்டச்சாகும். அரை மணி கழித்து அதே வக்கீல் டீக்கடையில் உங்களைப் பார்த்துச் சிரிப்பார். நீங்களும் சிரிக்கலாம், வழக்கைப் பற்றி மட்டும் பேச வேண்டாம்.

கையெழுத்துப் போடும் முன் படித்துப் பாருங்கள். தப்பாக இருந்தால் அங்கேயே, அப்போதே சொல்லித் திருத்துங்கள். சாட்சியாக சம்மன் வந்து போயிருந்தால் போக்குவரத்துக்குப் பேட்டா உண்டு, கேட்டு வாங்குங்கள். பொய் சாட்சி சொல்லும் எண்ணம் யாருக்காவது இருந்தால்: பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 229-வது பிரிவு, ஏழு வருடம் வரை சிறை.

நம் வக்கீலே சொதப்பினால்

வக்கீல் சத்தம் போட்டால் கேஸ் ஜெயிக்கும் என்று நம்புகிற கட்சிக்காரர்கள் நிறைய. சத்தத்துக்கு மதிப்பெண் கிடையாது. பேப்பர் ஒழுங்காக இருக்கிறதா, சொன்ன நாளில் சாட்சி வந்தாரா, இதுதான் கணக்கு.

சத்தம் எல்லை மீறினால் என்ன ஆகும் என்பதற்குச் சென்னை உயர்நீதிமன்றமே சாட்சி. 2009 பிப்ரவரி 17 அன்று, சிதம்பரம் நடராசர் கோயில் வழக்குக்காக வந்திருந்த சுப்பிரமணியன் சுவாமி மீது, இரண்டு நீதிபதிகள் மேடையில் உட்கார்ந்திருக்கும்போதே, கோர்ட் ஹாலுக்குள் முட்டை பறந்தது. வீசியவர்கள் கறுப்புக் கோட்டு போட்டவர்கள். முட்டை வரைக்கும் சிரிக்கலாம். இரண்டு நாள் கழித்து அதே வளாகத்தில் வக்கீல்களுக்கும் போலீசுக்கும் நடந்த மோதலில் ஒரு நீதிபதிக்கே அடிபட்டது.

இப்போது வந்திருப்பது சத்தமில்லாத சொதப்பல். 2023-ல் நியூயார்க்கில், விமானத்தில் சாப்பாட்டுத் தள்ளுவண்டி முழங்காலில் இடித்தது என்று ஒருவர் ஏவியாங்கா நிறுவனத்தின் மேல் போட்ட வழக்கு. அவருடைய வக்கீல் முன்தீர்ப்புகளைச் சாட்ஜிபிடியிடம் கேட்டார். அது நடக்கவே நடக்காத வழக்குகளைத் தேதி, நீதிபதி பெயரோடு சமைத்துக் கொடுத்தது. வக்கீல் அதையே தாக்கல் செய்தார். எதிர்த்தரப்பு தேடித் தேடிப் பார்த்தது, கிடைக்கவில்லை. வக்கீல்களுக்கு 5,000 டாலர் அபராதம். பாவம் அந்த முழங்கால்காரர், அவருடைய வழக்கும் தள்ளுபடி.

நீங்கள் செய்ய வேண்டியது: வக்காலத்தில், அதாவது உங்களுக்காக வாதாட வக்கீலுக்கு அதிகாரம் தரும் தாளில், கையெழுத்துப் போடும்போது வெற்றுத் தாள் எதிலும் சேர்த்துக் கையெழுத்துப் போடாதீர்கள். கட்டணத்தை முடிந்தவரை வங்கி மூலம் கொடுங்கள். தாக்கல் செய்த ஒவ்வொன்றுக்கும் நகல் கேளுங்கள். சரிப்படவில்லை என்றால் வக்கீலை மாற்றும் உரிமை உங்களுக்கு உண்டு. பழையவரிடம் ஆட்சேபனை இல்லை என்று எழுதி வாங்குவது வழக்கம். தர மறுத்தால் கோர்ட்டிடம் அனுமதி கேட்கலாம். பணத்தை வாங்கிக்கொண்டு ஏமாற்றினால், எதிர்த்தரப்போடு சேர்ந்துகொண்டால், தமிழ்நாடு புதுச்சேரி பார் கவுன்சிலில் வழக்கறிஞர்கள் சட்டம் 35-வது பிரிவின்படி புகார் தரலாம். வழக்கில் தோற்றது மட்டும் புகாருக்குக் காரணமாகாது.

வக்கீல் வைக்க வசதியில்லையா? 15100-க்கு போன் போடுங்கள், சட்டப்பணிகள் ஆணைக்குழு. பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமலே இலவச வக்கீல் கிடைப்பார்.

நீதிபதி சொதப்பினால்

இது நடக்காது என்று நினைக்க வேண்டாம். சென்னை உயர்நீதிமன்றத்திலிருந்து கல்கத்தாவுக்கு மாற்றப்பட்ட நீதிபதி சி.எஸ். கர்ணன், 2016-ல் தன் மாற்றல் உத்தரவுக்குத் தானே தடை போட்டார். நீதித்துறையில் தனக்குச் சாதிப் பாகுபாடு நடக்கிறது என்பது அவருடைய புகார். அது தனியாகப் பேச வேண்டிய விஷயம். ஆனால் சண்டை போன திசைதான் யாரும் கண்டிராதது. 2017 மே 8 அன்று இந்தியத் தலைமை நீதிபதி உட்பட எட்டு உச்ச நீதிமன்ற நீதிபதிகளுக்கு ஐந்து வருடம் கடுங்காவல் விதித்தார். மறுநாள் உச்ச நீதிமன்றம் அவருக்கு ஆறு மாதம் விதித்தது. ஒரு மாதத்துக்கு மேல் கண்ணில் படாமல் இருந்து, அந்த இடைவெளியிலேயே ஓய்வும் பெற்று, கடைசியில் கோயம்புத்தூரில் கைதானார்.

அதே மே மாதக் கடைசியில் ராஜஸ்தான் உயர்நீதிமன்ற நீதிபதி ஒருவர், ஓய்வு பெறும் நாளில், மயில் இணை சேர்வதில்லை, ஆண் மயிலின் கண்ணீரைக் குடித்துத்தான் பெண் மயில் கருத்தரிக்கிறது என்று நிருபர்களிடம் விளக்கினார். தீர்ப்பு எழுதுவதிலும் கைவரிசை உண்டு. இமாச்சலப் பிரதேச உயர்நீதிமன்றத் தீர்ப்பு ஒன்றைப் படித்துவிட்டு, 2021-ல் உச்ச நீதிமன்ற அமர்வில் இருந்த ஒருவர், தலைவலித் தைலம் தேய்க்க வேண்டியதாயிற்று என்றார்.

உங்கள் வழக்கில் நீதிபதி கடுகடுத்தால், எதிர்த்துப் பேச வேண்டாம். தேதியையும் சொன்ன வார்த்தையையும் வெளியே வந்து எழுதி வையுங்கள். தீர்ப்பு தவறென்றால் மேல்முறையீடு. நியாயம் கிடைக்காது என்று நினைக்க உண்மையான காரணம் இருந்தால் வழக்கை வேறு கோர்ட்டுக்கு மாற்றக் கேட்டு மனு. நடத்தையே மோசமென்றால் உயர்நீதிமன்றப் பதிவாளருக்கு எழுத்தில் புகார். வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் மட்டும் எழுதாதீர்கள். உச்ச நீதிமன்ற வக்கீல் பிரசாந்த் பூஷண் 2020-ல் நீதித்துறையை விமர்சித்துப் போட்ட இரண்டு ட்வீட்டுக்கு ஒரு ரூபாய் அபராதத்தோடு தப்பினார். நீங்கள் பிரசாந்த் பூஷண் இல்லை. நீதிமன்ற அவமதிப்புச் சட்டத்தில் ஆறு மாதம் வரை சிறை இருக்கிறது.

வீடியோ விசாரணை

வீட்டில் இருந்தாலும் கோர்ட், கோர்ட்தான். இந்த ஒன்றை மறந்தவர்களின் பட்டியல் நீளமானது, அதிலும் முக்கால்வாசி வக்கீல்கள். 2020 ஏப்ரலில் ராஜஸ்தானில் ஒருவர் பனியனோடு ஜாமீன் மனு வாதாட வந்தார், மனு தள்ளிவைக்கப்பட்டது. ஜூனில் ஒருவர் டீ ஷர்ட்டோடு கட்டிலில் படுத்தபடி உச்ச நீதிமன்றத்தில் தோன்றினார். செப்டம்பரில் குஜராத்தில் ஒருவர் காருக்குள் சிகரெட் பிடித்தார், 10,000 ரூபாய் அபராதம். சென்னை உயர்நீதிமன்றத்தில் 2021-ல் கேமரா ஓடுவதை மறந்த ஒரு வழக்கறிஞரின் விவகாரம் சி.பி.சி.ஐ.டி. வரை போயிற்று, விவரம் இங்கே வேண்டாம். அமெரிக்காவில் ஒரு வக்கீலின் முகம் பூனைக்குட்டியாக மாறிவிட, "நான் பூனை இல்லை" என்று நீதிபதியிடம் அவர் கெஞ்சியதை உலகமே பார்த்தது. 2025-ல் குஜராத் உயர்நீதிமன்றத்தில் ஒரு கட்சிக்காரர் கழிப்பறையில் உட்கார்ந்தபடியே ஆஜரானார். ஒரு லட்சம் ரூபாய் கட்ட வேண்டியதாயிற்று.

சுவருக்கு முன் நாற்காலி போட்டு உட்காருங்கள். மைக்கை அணைத்து வையுங்கள், கூப்பிட்டால் திறங்கள். பிள்ளைகள் விளையாடிய போனானால் ஃபில்டர் எதுவும் ஓடவில்லையே என்று பாருங்கள். இணைப்பை யாருக்கும் அனுப்பாதீர்கள். நடிகை ஜூஹி சாவ்லா 5ஜி-க்கு எதிரான தன் வழக்கின் இணைப்பைச் சமூக வலைதளத்தில் போட, விசாரணை நடுவே யாரோ புகுந்து அவருடைய படப் பாட்டைப் பாடினார். வெளியேற்றினால் திரும்ப வந்து இன்னொன்று பாடினார். விளம்பரத்துக்காகப் போட்ட வழக்கு என்று டெல்லி உயர்நீதிமன்றம் விதித்த 20 லட்சம், பிறகு 2 லட்சமாகக் குறைந்தது.

எப்போது விடுவது

எதிர்த்தரப்பு சமாதானம் பேச வந்தால், ரோஷத்தை ஒரு பக்கம் வைத்துவிட்டு ஒரு முறை கணக்குப் போடுங்கள். வாஷிங்டனில் ராய் பியர்சன் என்ற நிர்வாகச் சட்ட நீதிபதி, 2005-ல் சலவைக் கடையில் தன் பேண்ட்டைத் தொலைத்துவிட்டார்கள் என்று வழக்குப் போட்டார். கடையில் கொடுத்திருந்தது பத்தரை டாலர் வேலை. கேட்ட நஷ்ட ஈடு ஒரு கட்டத்தில் 6.7 கோடி டாலர். பிறகு மனமிரங்கி 5.4 கோடி. கடையில் 'திருப்திக்கு உத்தரவாதம்' என்று எழுதியிருந்ததாம், தனக்குத் திருப்தி இல்லையாம். கடைக்காரக் கொரியக் குடும்பம் 12,000 டாலர் வரை கொடுத்து முடிக்கப் பார்த்தது, மாட்டேன் என்றார். 2007-ல் தோற்றார். நீதிபதி வேலையும் நீட்டிக்கப்படவில்லை. பல வருடம் கழித்து வக்கீல் தொழிலிலிருந்தும் 90 நாள் நிறுத்தி வைத்தார்கள்.

எதிர்ப்பக்கத்து உதாரணமும் இருக்கிறது. மதுரா ரயில் நிலையத்தில் 1999-ல் டிக்கெட்டுக்கு 20 ரூபாய் அதிகம் வாங்கிவிட்டார்கள் என்று ஒரு வக்கீல் நுகர்வோர் மன்றம் போனார். 2022-ல் ஜெயித்தார். இவரை ரசிக்கத் தோன்றுகிறது, நீங்கள் பின்பற்ற வேண்டும் என்று சொல்ல மனம் வரவில்லை. அவர் வக்கீல் என்பதால் வக்கீல் ஃபீஸ் இல்லை.

லோக் அதாலத்தில், அதாவது சமாதானமாகப் பேசித் தீர்க்கும் மக்கள் நீதிமன்றத்தில், முடித்தால் கட்டிய கோர்ட் ஃபீ திரும்பக் கிடைக்கும்; ஆனால் அதற்கு மேல்முறையீடு கிடையாது, யோசித்துக் கையெழுத்துப் போடுங்கள். தீர்ப்புதான் வேண்டும் என்று போய்த் தீர்ப்பும் வந்துவிட்டால், ஜெயித்தாலும் தோற்றாலும் அன்றைக்கே சான்றிட்ட நகலுக்கு மனு போட்டுவிட்டு வீட்டுக்குப் போங்கள். சிவில் வழக்கில் மாவட்ட நீதிமன்றத்துக்கு மேல்முறையீடு என்றால் 30 நாள், உயர்நீதிமன்றத்துக்கு என்றால் 90 நாள். நகல் எடுக்கும் துறை எடுத்துக்கொள்ளும் நாட்கள் அந்தக் கணக்கில் சேராது, நீங்கள் மனு போடாமல் சும்மா இருந்த நாட்கள் சேரும்.